பாயிண்ட் பிரேக்: ஜானி யூட்டா ஏன் சுடவில்லை, ஏன் விலங்கைக் கழற்றினான்?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். 1991-ல் வந்த 'பாயிண்ட் பிரேக்' படத்தைப் பார்த்திருக்கிறீர்கள். வங்கிக் கொள்ளைக்காரர்களைத் தேடி சர்ஃபர் கூட்டத்துக்குள் வேவு பார்க்கப் போன எஃப்.பி.ஐ. ஏஜென்ட் ஜானி யூட்டா, முகமூடி போட்ட கொள்ளைக்காரன் போதியைத் துரத்திக்கொண்டு ஓடி, சுடக்கூடிய தூரத்தில் கிடைத்தும் வானத்தைப் பார்த்துச் சுடுகிறான். கடைசியில் ஆஸ்திரேலியக் கடற்கரை ஒன்றில் அவனைப் பிடித்து விலங்கு மாட்டிய பிறகும் கழற்றி, உயிர் தப்ப முடியாத புயல் அலைக்குள் போக விட்டுவிடுகிறான். இது திரைக்கதை ஓட்டையா, நாயகனைத் துரோகி ஆக்கிவிட்டு அதைக் கவிதை என்கிறார்களா, இந்த சர்ஃபிங், வங்கிக் கொள்ளை, வேவு வேலை எல்லாவற்றிலும் எவ்வளவு நிஜம், அப்புறம் 2015 ரீமேக் பார்க்கலாமா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். இவ்வளவு கேள்விக்கும் அடியில் ஒன்றுதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது: அந்த ஆள் எந்த நிமிஷத்தில் கட்சி மாறினான் என்று உங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. அது உங்கள் கவனக்குறைவு இல்லை. அப்படி ஒரு நிமிஷம் படத்திலேயே கிடையாது.

நான் படத்தொகுப்பு வேலையில் இருப்பவன், கொஞ்ச காலமாகப் பாடமும் எடுக்கிறேன். வகுப்பில் துரத்தல் காட்சி பற்றிப் பேசவேண்டி வந்தால் இந்தப் படத்தைத்தான் போடுவேன். ஆகவே காட்சி எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைத் தைரியமாகச் சொல்வேன், பாத்திரத்தின் மனதுக்குள் என்ன ஓடியது என்று நான் சொல்வதை என் கருத்தாக எடுத்துக்கொள்ளுங்கள். கடல் விஷயத்தில் நான் பலகை மேல் நின்றவன் இல்லை, கரையில் நின்றவன்தான். படம் பார்க்காதவர்கள் இதற்கு மேல் படிக்காதீர்கள், கதை முழுவதும் உடைந்துவிடும்.

முதலில் அந்தத் துரத்தல். காரில் தொடங்குகிறது, பெட்ரோல் பங்கில் முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி ரீகனின் முகமூடி போட்ட போதி பம்புக் குழாயையே தீப்பந்தம் மாதிரி பிடித்துத் தப்பிக்கும் வண்டியைக் கொளுத்துகிறான், அங்கிருந்து ஓட்டம். சந்து, வேலி, யாரோ ஒருவர் வீட்டுக் கூடம், பின்கட்டு, மறுபடி வேலி. ஒரு கட்டத்தில் நாயைத் தூக்கி யூட்டா மேல் எறிகிறான். ஸ்டெடிகாம் (ஓடினாலும் படம் குலுங்காதபடி கேமராவை உடம்போடு மாட்டும் கருவி) இயக்கிய ஜேம்ஸ் முரோவும் குழுவும் எடை குறைந்த கேமராவோடு நடிகர்களின் முதுகுக்குப் பின்னாலேயே ஓடியிருக்கிறார்கள். அதனால் பார்ப்பவனுக்கு மூச்சு வாங்குகிறது. துரத்தலை எடுக்கும்போது வழக்கமாக இருவரையும் மாற்றி மாற்றிக் காட்டுவோம், இவன் முகம், அவன் முகம், நடுவில் தூரம். இங்கே அந்த வசதி இல்லை. ஓடுபவனின் முகம் ரப்பர், துரத்துபவனின் முகம் பெரும்பாலும் தெரிவதே இல்லை, ஒரே வழியில் இரண்டு உடம்புகள் பாய்கின்றன. யார் திருடன் யார் போலீஸ் என்பது போய், இரண்டு பேரும் ஒரே காரியத்தைச் செய்துகொண்டிருக்கிறார்கள் என்பது மட்டும் நிற்கிறது. இரண்டு பேருக்கும் அதில் ஒரு ருசி இருக்கிறது என்பதையும் வசனம் இல்லாமலே உணர்கிறோம்.

அப்புறம் கான்கிரீட் வாய்க்காலுக்குள் யூட்டா குதிக்கிறான், கல்லூரி நாளில் அமெரிக்க ஃபுட்பால் ஆட்டத்தில் போன முழங்கால் மறுபடி மடங்குகிறது. போதி எதிர்ப்பக்க வேலியில் ஏறி நின்று திரும்பிப் பார்க்கிறான். முதன்முறையாக அந்த ஓட்டத்தில் கேமரா நின்று, முகமூடி ஓட்டைக்குள் இருக்கும் கண்களைக் காட்டுகிறது. வெட்டு, துப்பாக்கியோடு யூட்டாவின் முகம். மறுபடி கண்கள். இந்த மூன்று நான்கு வெட்டுகள்தான் உங்கள் கேள்விக்குப் பதில். அவ்வளவு நேரம் முதுகாக இருந்த ஒன்று இப்போது தனக்குத் தெரிந்த ஆளாகிவிட்டது. மல்லாந்து விழுந்து, கத்திக்கொண்டே வானத்தில் சுட்டுத் தீர்க்கிறான். இந்தக் காட்சி எவ்வளவு பிரசித்தம் என்றால், 2007-ல் வந்த 'ஹாட் ஃபஸ்' என்கிற பிரிட்டிஷ் நகைச்சுவைப் படத்தில் இதை வைத்தே ஒரு ஜோக் ஓடுகிறது.

இங்கே பலரும் தவறவிடும் விஷயம், முகமூடிக்குள் இருப்பது போதிதான் என்று யூட்டாவுக்கு அதற்கு முன்பே தெரியும். சர்ஃபர்களில் ஒருவன் விளையாட்டாகப் பின்பக்கத்தைத் திறந்து காட்டுவதைப் பார்த்து, கண்காணிப்பு வீடியோவில் கொள்ளைக்காரன் ஒருவன் செய்ததும் அதே சேட்டை என்பது பொறிதட்டி, பின்தொடர்ந்துதான் அந்த வங்கி வாசலுக்கு வந்திருக்கிறான். ஆக வாய்க்காலில் நடப்பது 'ஐயோ நீயா' என்கிற அதிர்ச்சி கிடையாது. தெரிந்தேதான் துரத்தினான், தெரிந்தேதான் விட்டான். ஓட்டை என்று சொல்வதற்கு இடமில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

துரோகம் என்ற சொல்லைப் பயன்படுத்தியிருந்தீர்கள். சரி, அதைக் கணக்குப் போடுவதானால் கணக்கு போதியிடமிருந்து தொடங்காது, டைலரிடமிருந்து தொடங்கும். லோரி பெட்டி நடித்த அந்தப் பெண்ணிடம் சர்ஃபிங் கற்றுக்கொள்ள வேண்டும், அவள் சேர்த்துக்கொள்ள மறுக்கிறாள். இவன் அலுவலகத்தில் அவளுடைய கோப்பை வரவழைத்து, அவள் பெற்றோர் இறந்துபோனதைப் படித்துவிட்டு, தன் பெற்றோரும் அப்படித்தான் போனார்கள் என்று ஒரு கதை விடுகிறான். அவள் இளகுகிறாள். மற்ற எல்லா நட்பும் அந்தப் பொய்யின் மேல் ஏறி நிற்கிறது. எனக்கு இந்தப் படத்திலேயே மிக அசிங்கமான காரியம் இதுதான், வங்கிக் கொள்ளை கூட இல்லை. ஆனால் படம் இதைச் சத்தமில்லாமல், ஒரு சாமர்த்தியம் போலக் காட்டிவிட்டுப் போய்விடுகிறது, பிற்பாடு அவள் அவனுடைய அடையாள அட்டையைக் கண்டுபிடித்துத் துப்பாக்கியை அவன் பக்கமே திருப்பும்போதுதான் கணக்கு வெளியே வருகிறது.

நடுவில் தப்பான கும்பலின் வீட்டில் ஒரு ரெய்டு வருமே, அதையும் திரும்பப் பாருங்கள். எல்லோரும் அந்தப் புல்வெட்டும் எந்திரச் சண்டையை மட்டும் நினைவு வைத்திருப்பார்கள். ரெய்டு முடிந்ததும் அந்தக் கும்பலுக்குள் இருந்த ஒருவன் எழுந்து, தான் போதைத் தடுப்புப் பிரிவின் ஆள், மாதக்கணக்கில் உள்ளே கிடந்து போட்ட வேலையைக் கெடுத்துவிட்டீர்களே என்று யூட்டா மேல் பாய்கிறான். டாம் சைஸ்மோர் செய்த சின்ன வேடம். யூட்டாவுக்கு வேவு வேலை என்றால் கடல், காதல், நெருப்பைச் சுற்றிக் கூத்து. அந்த ஆளுக்கு அழுக்கு, எரிச்சல், வீணான மாதங்கள். நிஜத்துக்குப் பக்கத்தில் இருப்பது இரண்டாவது ஆள்தான், அந்த ஒரு நிமிஷத்தை வைத்ததற்காகவே எழுதியவர்களை மெச்சுவேன்.

போதி பக்கம் போவோம். பேட்ரிக் ஸ்வேஸி அவனை ஒரு சாமியார் மாதிரி மென்மையாகச் செய்திருப்பதால் அவன் சொல்வதெல்லாம் தத்துவமாகக் கேட்கிறது, அதில் மயங்காதவர் குறைவு. ஆனால் அவன் செய்வதை மட்டும் பாருங்கள். ரீகன், நிக்சன், கார்ட்டர், ஜான்சன் முகமூடி போட்ட இந்த 'முன்னாள் ஜனாதிபதிகள்' கும்பல் பிழைத்ததே ஒரு கட்டுப்பாட்டால்: 90 விநாடிக்குள் வெளியே வந்துவிட வேண்டும், கவுண்டர் இழுப்பறைப் பணத்தோடு சரி, பெட்டக அறைப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. கடைசிக் கொள்ளையில் அந்தக் கட்டுப்பாட்டை உடைப்பது போதியேதான். கூட்டாளிகள் தடுத்தும் பெட்டகத்துக்குப் போகிறான், யூட்டாவை வேறு முகமூடி இல்லாமல் உள்ளே இழுத்து வந்திருக்கிறான், அங்கே தற்செயலாக இருந்த போலீஸ்காரர் ஒருவர் துப்பாக்கியை எடுக்க, அவரும் சாகிறார், கும்பலில் சின்னவன் குரோமெட்டும் சாகிறான். கூடப்பிறந்தவர்கள் போல இருந்த மூன்று பேரை, யூட்டாவோடு விளையாடும் இந்த விளையாட்டின் போதைக்காகப் போதி பலி கொடுத்துவிட்டான். யூட்டாவின் விசுவாசம் இரண்டாகப் பிளந்தது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு என்னவோ முழுசாக முறிந்தது போதியின் விசுவாசம்தான். யூட்டா இரண்டு பக்கமும் இழுபட்டான், போதி தன் பக்கத்தையே விற்றுவிட்டான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு வானத்துக் காட்சிக்கு வாருங்கள். போதி பாராசூட்டோடு குதித்துவிட்டான், யூட்டா பாராசூட் இல்லாமல் துப்பாக்கியோடு பின்னால் குதித்து அவனைப் பிடித்துக்கொள்கிறான். கயிற்றை இழு என்று மிரட்டுகிறான், போதி இழுக்க மாட்டேன் என்கிறான். இழுக்க வேண்டுமானால் யூட்டாவே இழுக்க வேண்டும், அதற்கு ஒரு கை வேண்டும், ஒரு கையில் துப்பாக்கி. துப்பாக்கியை விட்டுவிடுகிறான். வாய்க்காலில் குண்டுகள் வானத்துக்குப் போயின, இப்போது துப்பாக்கியே போகிறது, கடைசியில் கடற்கரையில் பேட்ஜைக் கழற்றிக் கடலில் எறிகிறான். எஃப்.பி.ஐ. கொடுத்ததையெல்லாம் ஒவ்வொன்றாக இழக்கிறான், அதற்காக எதிர்க்கட்சியில் போய்ச் சேரவும் இல்லை. நீங்கள் தேடிய அந்த 'மாறிய நிமிஷம்' கிடைக்காததற்குக் காரணம் இதுதான் என்பது என் வாசிப்பு.

அந்தக் காட்சி நடக்குமா என்றால், பாதி நடக்கும். முன்னால் குதித்தவன் வயிறு கீழாகப் படுத்தவாக்கில் விழுந்தால் மணிக்கு சுமார் 200 கிலோமீட்டர் வேகம், பின்னால் வருபவன் தலைகீழாகப் பாய்ந்தால் அதைவிட வேகம், ஆகவே எட்டிப் பிடிக்கலாம். பேசுவது நடக்காது, அந்தக் காற்றில் காதுக்குள் கத்தினாலும் கேட்காது. சுமார் 4,000 மீட்டரிலிருந்து குதித்தால் பாராசூட் விரிக்க வேண்டிய உயரத்துக்கு வர ஏறக்குறைய ஒரு நிமிடம், அதற்குள் இவர்கள் ஒரு வாக்குவாதத்தையே முடிக்கிறார்கள். பாராசூட் விரியும் உலுக்கலில் வெறும் கைப்பிடியில் தொங்குவது, அதுவும் ஒரு நல்ல முழங்காலோடு தரையிறங்குவது, சினிமா. ஆனால் ஸ்வேஸி நிஜமாகவே குதிக்கப் பழகியவர், படத்துக்காக விமானத்திலிருந்து குதித்தும் இருக்கிறார். அதற்கு முன்பு கூட்டமாகக் குதிக்கும் காட்சியில் அவர் முகத்தில் தெரியும் குஷியை ஸ்டுடியோவில் செய்ய முடியாது.

படத்தின் பலவீனம் என்று நான் நினைப்பதையும் சொல்லிவிடுகிறேன். கேரி பியூசி நடித்த ஆஞ்சலோ பாப்பஸ். கொள்ளைக்காரர்கள் சர்ஃபர்கள்தான் என்று அலுவலகமே சிரித்தபோதும் விடாமல் சொன்ன மனிதர், யூட்டாவை முதலில் நம்பியவரும் அவர்தான். விமான நிலையச் சண்டையில் யூட்டாவுக்காக வந்து சாகிறார். அந்தச் சாவுக்குப் படம் கொடுக்கும் நேரம் அநியாயத்துக்குக் குறைவு. விமானம் கிளம்ப வேண்டும், குதிக்க வேண்டும், எடிட்டர் என்ன செய்வார் என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் கடைசிக் காட்சியில் யூட்டா விலங்கைக் கழற்றும்போது ஒரு பார்வையாளனாக எனக்கு உறுத்துவது சட்டம் கூட இல்லை, பாப்பஸ்தான். துரோகம் என்று நீங்கள் சொல்வதற்கு வலுவான சாட்சி அவர். எனக்கு அதற்கு முழுப் பதில் கிடையாது.

கடைசிக் காட்சிக்கு இரண்டு வாசிப்பு உண்டு. நண்பனுக்குக் கடைசி ஆசையை நிறைவேற்றினான் என்பது ஒன்று. தண்டனையை நிறைவேற்றினான் என்பது இன்னொன்று. நான் இரண்டாவதன் பக்கம் கொஞ்சம் சாய்வேன். போதி திரும்பி வரமாட்டான் என்பது யூட்டாவுக்குத் தெரியும், அதை அங்கே வந்து நிற்கும் ஆஸ்திரேலியப் போலீஸிடம் அவனே சொல்கிறான். சிறையில் அடைத்தால் போதி தியாகி, அலையில் விட்டால் தான் சொன்னதற்கெல்லாம் அவனே விலை கொடுத்தாக வேண்டும். இதில் எது சரி என்பதைப் படம் தீர்த்துச் சொல்லவில்லை, இயக்குநர் கேத்ரின் பிகலோ வேண்டுமென்றே அப்படி விட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஆபத்தின் போதை பிடித்தவர்கள் மேல் அவருக்கு ஒரு தீராத ஈடுபாடு உண்டு. சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கரை முதன்முதலில் வாங்கிய பெண் என்ற பெயரை 2010-ல் அவருக்குத் தந்த 'தி ஹர்ட் லாக்கர்' படமும், குண்டு செயலிழக்கச் செய்வதை விட்டு வீட்டில் இருக்க முடியாத ஒருவனின் கதைதான்.

நிஜம் எவ்வளவு என்றால், வங்கிக் கொள்ளைப் பின்னணி கிட்டத்தட்ட அப்படியே நிஜம். 80-களிலும் 90-களின் தொடக்கத்திலும் லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரம் அமெரிக்காவின் வங்கிக் கொள்ளைத் தலைநகராக இருந்தது. 1992-ல் மட்டும் அந்தச் சுற்றுவட்டாரத்தில் 2,641 கொள்ளைகள். எங்கு பார்த்தாலும் சின்னச் சின்ன வங்கிக் கிளைகள், அதையொட்டியே ஃப்ரீவே என்கிற விரைவுச்சாலை, ஏறினால் சில நிமிஷத்தில் வேறு ஊர். 1983-ல் 'யாங்கி பேண்டிட்' என்று எஃப்.பி.ஐ. பெயர் வைத்த ஒருவர் ஒரே நாளில் ஆறு வங்கிகளைக் கொள்ளையடித்தார். கொள்ளைக்காரர்களுக்குப் பட்டப்பெயர் வைப்பது அந்த அலுவலகத்தின் நிஜமான வழக்கம், 'முன்னாள் ஜனாதிபதிகள்' என்கிற பெயர் அதே வாசனையில் வந்ததுதான். கவுண்டரோடு திரும்பிவிடுவதும் அனுபவசாலிகளின் முறை, பெட்டகத்துக்குப் போனால் பணம் அதிகம், நேரமும் அதிகம்.

வேவு வேலை மட்டும் அப்படியே கற்பனை. பயிற்சி முடிந்து வந்த புது ஆளை, அடையாளத்தை ஒழுங்காக மாற்றாமல், சொந்தப் பெயரிலேயே கடற்கரைக்கு அனுப்ப மாட்டார்கள். அதுவும் இவன் ரோஸ் பவுல் என்கிற பெரிய கல்லூரி ஃபுட்பால் போட்டியில் அணியின் ஆட்டத்தையே நடத்தும் குவார்ட்டர்பேக்காக ஆடியவன், படத்திலேயே போதி அவனை அடையாளம் கண்டுகொள்கிறான். எஃப்.பி.ஐ.யின் இந்த மாதிரி வேலைகளுக்கு அமெரிக்க அட்டர்னி ஜெனரல் 1981-லேயே எழுத்துப்பூர்வ விதிமுறைகள் போட்டுவிட்டார், அனுமதி, மேற்பார்வை எல்லாம் அதில் உண்டு. 'டானி பிராஸ்கோ' என்ற பெயரில் 1976 முதல் 1981 வரை நியூயார்க் மாஃபியாவுக்குள் இருந்த ஜோ பிஸ்டோன் நிஜமான உதாரணம். தன்னை நம்பிச் சேர்த்துக்கொண்டவர்களுக்கு எதிராக நீதிமன்றத்தில் வந்து சாட்சி சொன்னார், நூற்றுக்கும் மேற்பட்டோர் தண்டனை பெற்றார்கள். அவர் யாருடைய விலங்கையும் கழற்றவில்லை.

கடலுக்கு வருவோம். வெளியாளை அலைக்குள் விடாமல் அடித்துத் துரத்தும் உள்ளூர்க் கும்பல் மிகையே இல்லை. கலிஃபோர்னியாவில் லுனாடா பே என்ற இடத்தில் அப்படிப்பட்ட கும்பல் மேல் 2016-ல் வழக்கே போட்டார்கள். யூட்டா இவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொள்வதைச் சினிமா என்று மன்னிக்கலாம். மன்னிக்க முடியாதது, போதி காத்துக்கிடந்து கடைசியில் போய்ச் சேரும் அந்தப் '50 வருடப் புயல்'. ஐம்பது வருடத்துக்கு ஒருமுறை என்பது புள்ளிவிவரக் கணக்கு, எந்த வருடத்திலும் வருவதற்கு ஐம்பதில் ஒரு பங்கு வாய்ப்பு என்றுதான் அதற்கு அர்த்தம். போதி அதைப் பஞ்சாங்கம் பார்த்துத் தேதி குறித்தவன் மாதிரி சொல்லி வைக்கிறான். இன்னொன்று, மழையும் காற்றும் கரையிலேயே அடித்துக்கொண்டிருந்தால் அலை குழம்பிப்போகும், நல்ல சர்ஃபர்கள் அதைத் தேடிப் போக மாட்டார்கள். அவர்களுக்கு வேண்டிய அலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி நடந்த புயலில் பிறந்து, வழியில் சீராகி, பெரும்பாலும் தெளிந்த வானத்தின் கீழ் வந்து சேருவது. கன்னியாகுமரிக் கரைக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கே காற்றே இல்லாத நாளில் கடல் ஏறி வருகிற கள்ளக்கடல் அதே சங்கதிதான், தெற்கே வெகுதூரத்துப் புயல் அனுப்பியது. 2024 மே மாதம் அது உயிர்களைப் பறித்ததும் அப்படிப்பட்ட ஒரு நாளில்தான்.

அந்தக் கடைசி இடம் ஆஸ்திரேலியாவின் பெல்ஸ் பீச் என்று காட்டுகிறார்கள். பெல்ஸ் நிஜமான இடம், 60-களிலிருந்து போட்டிகள் நடக்கிற புகழ்பெற்ற கரை, ஆனால் படத்தில் இருப்பது அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து எகோலா பூங்காவின் இந்தியன் பீச். பின்னால் நிற்கும் ஊசியிலை மரங்களே காட்டிக்கொடுத்துவிடும். பெரிய அலை ஹவாயின் வைமியா வளைகுடாவில் எடுத்தது, அதில் போதியாகப் போவது டேரிக் டோர்னர் என்ற சர்ஃபர். இரண்டு இடத்தை ஒட்டித்தான் அந்தக் கடைசி நிமிஷம் கிடைத்திருக்கிறது, ஒட்டுப் போட்ட இடம் எனக்குத் தெரிந்தும் ஒவ்வொரு முறையும் விழுகிறேன்.

ரீமேக் விஷயம். 2015 படத்தில் வான்சாகசம், பனிமலை, பாறை ஏற்றம் எல்லாம் இதைவிடப் பெரிது, நிஜ வீரர்களை வைத்தே நிறைய எடுத்திருக்கிறார்கள், அதற்காக ஒருமுறை பார்க்கலாம். ஆனால் போதியையும் யூட்டாவையும் சும்மா உட்கார்ந்து பேசவோ விளையாடவோ விடாததால், விடும்போது எதை விடுகிறான் என்பதே தெரிவதில்லை. அதைவிட, 2001-ல் வந்த முதல் 'ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்' பாருங்கள். கடலுக்குப் பதில் கார், மற்றபடி எலும்புக்கூடு இதேதான், கடைசியில் போலீஸ்காரன் சாவியைக் கொடுத்து அனுப்புவது உட்பட. அதில் அனுப்பப்பட்டவன் பிழைத்துவிடுகிறான், அதனால்தான் அத்தனை பாகம் வந்தது. இங்கே அந்த வழியை அடைத்துவிட்டார்கள். முடிந்தால் 1991 படத்தை இன்னொரு முறை போட்டு, இந்தத் தடவை டைலர் வரும் காட்சிகளை மட்டும் கவனமாகப் பாருங்கள், பிறகு துரோகம் பற்றி இதே இடத்தில் சண்டை போடலாம்.